பெற்றோரை விமானம் ஏற்றப்போகும் பிள்ளைகளுக்கு



பயணச்சீட்டு எடுத்துவிட்டீர்கள். விசா வந்துவிட்டது. பிரசவத்துக்குத் துணையாகவோ, பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கோ, சும்மா நாலு மாதம் கூட இருக்கட்டும் என்றோ அம்மாவையும் அப்பாவையும் அழைத்திருக்கிறீர்கள். காப்பீடு எடுத்தாயிற்று, சக்கர நாற்காலிக்குச் சொல்லியாயிற்று, பருப்புப் பொடியும் வடகமும் எந்தப் பெட்டியில் போக வேண்டும் என்பதுவரை பேசி முடித்தாயிற்று. அவர்கள் கையில் இருக்கும் போன் இந்தியாவைத் தாண்டியபின் வேலை செய்யுமா என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்த மடல்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். திருச்சியில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் யார் வெளிநாடு கிளம்பினாலும் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வருவார்கள். "இதுல அங்க நெட்டு வருமா சார்?" என்பார்கள். "பையன் என்ன சொன்னான்?" என்று கேட்பேன். "ஏர்போர்ட்ல வைஃபை இருக்குமாம், வீட்லயும் வைஃபை இருக்காம், மத்ததை அங்க வந்து பாத்துக்கலாம்னான்." பிள்ளைகள் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள், பதில் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. இதில் அன்புக்குக் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இது உங்கள் பழக்கத்திலிருந்து வருகிற பதில். அடிக்கடி விமானம் ஏறி, எந்தத் திரையைப் பார்த்தாலும் எங்கே தட்ட வேண்டும் என்று விரலுக்கே தெரிந்துபோன ஒருவருடைய பதில். அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறவருக்கு இது உதவாது.

விமான நிலையத்து வைஃபையையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, பிராங்க்பர்ட், லண்டன் என்று எங்காவது ஓரிடத்தில் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். அந்த நாலைந்து மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் தூங்காத உடம்பு. கையில் இரண்டு பை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ரயிலேற வேண்டிய அளவுக்குப் பெரிய கட்டடம். அங்கே வைஃபை இருக்கிறது, உண்மைதான். அதில் சேர்வதற்குப் பட்டியலில் சரியான பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். தொட்டதும் ஒரு பக்கம் தானாகத் திறக்க வேண்டும். பல போன்களில் திறக்காது. திறந்தால் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் காட்டி ஒப்புக்கொள்ளச் சொல்லும். சில இடங்களில் போன் எண்ணைக் கேட்டு, அதற்கு ஓடிபி அனுப்பும். ரோமிங் இல்லாத இந்திய எண்ணுக்கு அந்த ஓடிபி எப்படி வரும்? அம்மா வாட்ஸ்அப்பைத் திறப்பார். அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிற்கும். தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துப் போனைக் கைப்பைக்குள் வைத்துவிடுவார். அதன்பின் அவரை யாராலும் எட்ட முடியாது.

அமீரகத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்நாட்டு இணைப்பில் வாட்ஸ்அப் வழியாக எழுதி அனுப்பலாம், குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் எடுபடாது. அரசின் கட்டுப்பாடு அது. உங்களுக்கு இது பழைய செய்தி. அப்பாவுக்கு யார் சொன்னது? அவர் எப்படியோ வைஃபையில் சேர்ந்துவிட்டு, பழக்கப்படி உங்கள் பெயரைத் தொட்டு அழைப்பார். போகாது. மறுபடியும் அழைப்பார். நெட்டு இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். "துபாய்ல இறங்கினதும் கால் பண்ணாதீங்கப்பா, மெசேஜ் போடுங்க, இல்லன்னா மைக்கை அழுத்திப் பேசி அனுப்புங்க" என்று ஒரு வரி முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது.

எங்கள் பகுதியில் ஓர் அம்மா, மகளின் பிரசவத்துக்காகத் தனியாகக் கிளம்பினார். சென்னையில் விமானம் தாமதமானது. ஐரோப்பாவில் பிடிக்க வேண்டிய அடுத்த விமானம் போய்விட்டது. விமான நிறுவனம் அவருக்கு வேறொரு விமானத்தில் இடம் போட்டுச் செய்தியும் அனுப்பியது. செய்தி யாருக்குப் போனது? பயணச்சீட்டில் இருந்த எண்ணுக்கு. பயணச்சீட்டில் இருந்தது மருமகனின் எண். பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்குப் புதிய வாயில் எண், புறப்படும் நேரம், இருக்கை எல்லாம் தெரிந்திருந்தது. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய பலகையைப் பார்த்துக்கொண்டு பழைய வாயிலிலேயே உட்கார்ந்திருந்தார். நிறைமாத மகள் அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். தெலுங்கு பேசும் ஒரு குடும்பம் இரக்கப்பட்டுத் தங்கள் போனைக் கொடுத்ததால் அன்றைக்குத் தப்பித்தார். முன்பின் தெரியாதவர்களின் இரக்கத்தை நம்பியா பெற்றவர்களைக் கண்டம் தாண்ட விடுவது?

பயணச்சீட்டு போடும்போது உங்கள் எண்ணோடு அவர்கள் எண்ணையும் கொடுங்கள். அந்த எண்ணில் செய்தி வந்து சேர வழி செய்யுங்கள். வழி என்பது பெரிய வித்தை இல்லை. அவர்களுடைய இந்திய நிறுவனத்தின் வெளிநாட்டு ரோமிங் பேக் ஒன்றை விமானம் ஏறும் முன்பே போட்டுவிடலாம். ரோமிங் என்றால், ஊர் மாறிப் போனவருக்கு வரும் தபாலைப் பழைய தபாலாபீஸ் வாங்கிப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுகிற மாதிரிதான். அயல்நாட்டுக் கோபுரம் சமிக்ஞையை மட்டும் பிடித்துத் தரும். கணக்கும் வழியும் நம் ஊர் நிறுவனத்திடமே இருக்கும். அதனால்தான் அதற்கு விலை கூடுதல். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேக் எந்தெந்த நாட்டில் செல்லும் என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் என்று போட்டுவிட்டு, தோஹாவில் ஒன்றும் வரவில்லை என்று திண்டாடியவர்கள் உண்டு. இடையில் இறங்கும் நாடும் அதில் இருக்க வேண்டும். விலையைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகைக்குப் பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள்; பேசவே கூச்சமாக இருக்கும்.

இல்லையென்றால் இசிம் வாங்கிக் கொடுங்கள். அட்டையே இல்லாத சிம் அது. கியூஆர் குறியைப் படம் பிடித்தால் போனுக்குள் இறங்கிவிடும். இணையத்தில் நீங்களே வாங்கி அனுப்பலாம். அப்பாவின் போன் அதை ஏற்குமா என்று அறிய *#06# என்று அழுத்தச் சொல்லுங்கள். திரையில் ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் ஏற்கும். இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கும். டேட்டாவுக்கு மட்டும் புதியது. அதை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். இறக்கவே இணையம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "போய் இறங்கியதும் ஸ்கேன் பண்ணுங்க" என்று அனுப்பிவைக்கிறீர்கள். அந்தக் குறியும் அதே போனின் வாட்ஸ்அப்பில்தான் கிடக்கிறது. ஒரு போன் தன் திரையில் இருப்பதைத் தானே எப்படிப் படம் பிடிக்கும்?

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் நீங்கள் ஆசையாகக் கொடுக்கும் பரிசிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவில் 2022-இலிருந்து விற்கப்படும் ஐபோன்களில், 14-ஆம் மாடல் முதல், சிம் அட்டை போடும் தட்டே கிடையாது, முழுக்க இசிம்தான். நீங்கள் இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, "அம்மாவுக்குக் கொடு, புதுசு மாதிரி இருக்கு" என்று ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புகிறீர்கள். அம்மாவின் சிம் அதில் நுழையாது. கடை கடையாக ஏறி இறங்கி, எண்ணை இசிம்முக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைச் சொல்லி ஏமாற்றுகிற கும்பல்களும் இருக்கின்றன. போனில் கூப்பிட்டு "இசிம் ஆக்டிவேட் பண்ணித் தரேன், வந்த நம்பரைச் சொல்லுங்க" என்பார்கள். சொன்னால் எண்ணே கைவிட்டுப் போய்விடும். இன்னொன்று, தவணையில் வாங்கிய போன்கள் பெரும்பாலும் அந்த நாட்டு நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கும். பணம் கட்டி முடித்துப் பூட்டை எடுக்கச் சொல்லாமல் அனுப்பினால் வேறு எந்த சிம்மையும் அது ஏற்காது. பழைய போனுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை 2022-இலேயே மூடிவிட்டன. சிங்கப்பூரில் 2024-இல் மூடினார்கள். 4ஜி வழியாகப் பேசத் தெரியாத போன் அங்கே போனால் நேரம் பார்க்கத்தான் உதவும். அப்பா "நல்லாத்தானே வேலை செய்யுது" என்பார். இங்கே செய்கிறது, அங்கே செய்யாது என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புதுப் போன் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் ஊரிலிருக்கும்போதே கொடுத்துப் பழக விடுங்கள். அங்கே வந்தபின் ஆச்சரியமாகக் கையில் கொடுக்காதீர்கள். யுபிஐ செயலியைப் புதுப் போனில் பதிய வேண்டுமானால் அந்த இந்திய சிம்மிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

பில் பற்றிய பயத்தையும் நீங்களே போக்க வேண்டும். வெளிநாட்டில் நெட்டைத் திறந்தால் லட்சக்கணக்கில் பில் வரும் என்று எங்கோ கேட்டுவிட்டு, சென்னையில் போனை அணைத்து, திரும்பி வந்து சென்னையில் உயிர்ப்பித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பேக் எதுவும் இல்லாமல் டேட்டா ரோமிங் திறந்து கிடந்தால், போஸ்ட்பெய்டு எண்ணில் எம்பி கணக்கில் விலை ஏறும். நாம் தொடாவிட்டாலும் போட்டோக்களை மேலே ஏற்றுவது, செயலிகளைப் புதுப்பிப்பது என்று போன் தானாகத் தின்னும். ஆனால் ப்ரீபெய்டு எண்ணில் இருக்கும் காசு தீர்ந்தால் அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் பில் கிடையாது. நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது ப்ரீபெய்டுதான். இதைச் சொன்ன அன்றே அவர்கள் முகம் தெளியும். விமானத்துக்குள் ஏரோப்ளேன் மோடு போடாவிட்டால், சில விமானங்களில் உள்ளேயே இருக்கும் மொபைல் சேவையைப் போன் பிடித்துக்கொண்டு இருப்பைக் கரைக்கும். அதையும் சொல்லிவையுங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இதை எழுத உட்காரவைத்தது.

"வீட்ல வைஃபை இருக்கே, எதுக்குத் தனியா சிம்?" என்று கேட்கிறீர்கள். காலையில் எட்டு மணிக்கு நீங்களும் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், துணையும் போய்விடுகிறார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் கைக்குழந்தையும். வைஃபை வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே கால் வைத்தால் அவர்கள் கையில் இருப்பது வெறும் கண்ணாடிச் சில்லு. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருக்கோடிப் பூங்காவுக்குப் போக அம்மாவுக்கு ஆசை. போகிற வழியில் குழந்தைக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது? அப்பாவுக்கு நடக்க வேண்டும். ஊரில் தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றியவர். ஆனால் உங்கள் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கூரை, ஒரே புல்வெளி. வெயிலில் ஒரு திருப்பம் தவறிவிட்டால் தெருவில் கேட்க ஆளில்லை, டீக்கடை இல்லை, ஆட்டோ ஸ்டாண்டு இல்லை. போனில் வரைபடமும் ஓடாது. ஒருநாள் அப்படித் தவித்தவர் மறுநாள் வெளியே போக மாட்டார். "வேண்டாம்ப்பா, இங்கயே ஹால்ல நடந்துக்கறேன்" என்பார். அதைச் சோம்பல் என்றோ குளிர் தாங்கவில்லை என்றோ நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

உங்கள் பெற்றோர் "ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கு" என்று ஊருக்குப் போன் செய்து சொல்கிறார்கள். உங்களிடம் சொல்லவில்லை, எங்களிடம் சொல்கிறார்கள். பிள்ளை மனம் நோகும் என்று உங்கள் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைக்குப் போனால் உங்கள் பின்னாலேயே வருகிறார்கள், ஏனென்றால் அந்தப் பெரிய கட்டடத்தில் விட்டுப் பிரிந்தால் உங்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. கோவிலுக்குக் கூட்டிப்போனால் நீங்கள் வண்டி நிறுத்திவிட்டு வரும்வரை வாசலிலேயே அசையாமல் நிற்கிறார்கள். நாற்பது வருஷம் ஆசிரியையாக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தியவர், மகன் வீட்டில் மகன் திரும்பும் நேரத்தை எதிர்பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அவரைச் சிறை வைக்கவில்லை. ஒரு சிம் வாங்கிக் கொடுக்காமல் விட்டீர்கள். விளைவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அமெரிக்காவில் ப்ரீபெய்டு இணைப்புக்குச் சமூகப் பாதுகாப்பு எண் தேவையில்லை. நீங்கள் வைத்திருக்கும் குடும்பத் திட்டத்தில் இன்னொரு எண்ணைச் சேர்ப்பதும் எளிது. இந்திய ரோமிங் பேக்கை ஆறு மாதமும் நீட்டுவதைவிட இது எவ்வளவோ மலிவு. வந்து இறங்கிய முதல் நாள் அதைச் செய்துவிடுங்கள். ஜெட்லாக் தீரட்டும் என்று தள்ள வேண்டாம். உள்ளூர் எண் ஒன்று கையில் இருந்தால் மருந்துக்கடையிலிருந்து அழைப்பு வரும், பக்கத்து வீட்டு மதுரைக்கார அம்மா கூப்பிடுவார். வீட்டு முகவரியைப் போனின் வரைபடத்தில் வீடு என்று பதிந்துகொடுங்கள். அந்த வட்டாரத்து வரைபடத்தையும், மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழையும் போனுக்குள் இறக்கிவைத்தால் இணையம் விட்டுவிட்டு வரும் இடத்திலும் சமாளிக்கலாம்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன் என்றால் அப்பாவின் போன் என்பதே பல வீடுகளில் நடைமுறை. அம்மாவிடம் இருப்பது ஏதோ பழையது, எண் அப்பா பெயரில், ரீசார்ஜ் அப்பா செய்தால் உண்டு. ஆனால் குழந்தை பார்த்துக்கொள்ள வெளிநாட்டுக்கு வருவது பெரும்பாலும் அம்மாதான். வயலையோ கடையையோ வீட்டையோ பார்த்துக்கொள்ள அப்பா தங்கிவிட, பல நேரம் அம்மா தனியாகவே விமானம் ஏறுகிறார். இணைப்பு இல்லாமல் அதிகம் தவிப்பவரும் அவரே. அவருடைய தங்கை, பக்கத்து வீட்டுத் தோழி, வெள்ளிக்கிழமைப் பஜனைக் குழு எல்லாம் அந்தச் சின்னத் திரைக்குள்தான் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது. அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டியும் இருக்கிறது. ஜெர்மனியில் வாங்கிய சிம்மோடு பாரிஸுக்கும் ரோமுக்கும் போகலாம். ஆனால் பெற்றோர் வந்தால் எல்லோரும் கூட்டிப்போகிற சுவிட்சர்லாந்து இதில் இல்லை. ரைன் அருவியைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பியே பேக் தீர்ந்துபோகும். எல்லையோர ஊர்களில் நீங்கள் எல்லை தாண்டாமலே போன் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு விலகியபின் இந்தச் சட்டத்தில் அடங்காது. வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமீரகத்தில் அழைப்புக்கு அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை அம்மா போனில் மட்டும் போட்டால் போதாது. ஊரிலிருந்து அவரிடம் பேசப்போகிற பெரியம்மாவின் போனிலும் போட வைக்க வேண்டும்.

இந்திய எண்ணை உயிரோடு வைத்திருப்பது அடுத்த காரியம். அமெரிக்காவுக்கு வருகிற பெற்றோர் வழக்கமாக ஆறு மாதம்வரை தங்குகிறார்கள். உள்ளூர் சிம் வந்ததும் பழைய சிம்மைக் கழற்றிக் குங்குமச் சிமிழுக்குள் போட்டுவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு ப்ரீபெய்டு எண் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். துண்டித்த எண்ணை 90 நாள்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதன்பின் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். அந்த எண்ணில்தான் வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. ஊரில் பூட்டிய வீட்டுக்கு காஸ் சிலிண்டர் வாங்கிவைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் தயாராக இருப்பார். டெலிவரிக்கான குறியீடு அம்மாவின் எண்ணுக்குத்தான் வரும். திரும்பி வந்து எண் போய்விட்டது என்று தெரிந்தபின் வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் அலையும் முதியவர்களை நான் பார்க்கிறேன். நீங்கள் பார்ப்பதில்லை, அதனால் சொல்கிறேன். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை இன்னோர் உத்தரவும் போட்டது: வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் அந்தப் போனுக்குள் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று. ஆகவே இந்திய சிம் போனுக்குள்ளேயே இருக்கட்டும். டேட்டா ரோமிங்கை மூடிவிட்டு, ஓடிபி குறுஞ்செய்தி மட்டும் வந்துசேரும்படி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பேக் வேண்டுமா என்பதை நிறுவனத்திடம் கேட்டு, காலம் முடியுமுன் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றி இவ்வளவு சொன்ன நானே காகிதத்தையும் கேட்கிறேன். அமெரிக்கக் குடியேற்றச் சோதனை நடக்கும் கூடத்தில் போனை எடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அபுதாபி வழியாகப் போனால் அந்தச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். கேள்வியும் அங்கேயே வரும். எங்கே தங்கப்போகிறீர்கள், யார் வீடு என்று அதிகாரி கேட்கும்போது முகவரி வாட்ஸ்அப்பில் இருந்தால் பயனில்லை. உங்கள் முகவரி, இரண்டு போன் எண்கள், மாறும் விமானங்களின் எண்கள், மருந்துகளின் பெயர்கள். இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நேரம் இல்லை என்று சொல்வீர்கள். தெரியும். இங்கே எங்களைப் போன்றவர்கள் முடிந்ததைச் செய்கிறோம், தொடர்ந்தும் செய்வோம். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் வரும் போனில் நான் எவ்வளவுதான் செய்துவிட முடியும்? பூட்டிய போனை என்னால் திறக்க முடியாது. உங்கள் இசிம்மை என்னால் வாங்க முடியாது. பயணச்சீட்டில் எண்ணை மாற்ற முடியாது. எல்லாவற்றையும்விட, "தப்பா அழுத்தினா ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா அழுத்து" என்று உங்கள் குரலில் என்னால் சொல்ல முடியாது. நான் சொன்னால் தலையாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் சொன்னால் நம்புகிறார்கள்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீடியோ அழைப்பில் அவர்களோடு உட்காருங்கள். *#06# அழுத்தச் சொல்லுங்கள். பேக்கையோ இசிம்மையோ அப்போதே போட்டு முடியுங்கள். டேட்டா ரோமிங் எங்கே இருக்கிறது, ஏரோப்ளேன் மோடு எங்கே இருக்கிறது என்று அவர்கள் விரலாலேயே தொட வையுங்கள். பக்கத்து வீட்டுப் பையனைச் செய்யச் சொல்லாதீர்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு உங்களுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தடவை, சலிக்காமல். அம்மா தடுமாறினால் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள். காத்திருங்கள், அவரே கண்டுபிடிப்பார். அவர்கள் வந்து இறங்கியதும் ஆளுக்கொரு உள்ளூர் எண் கொடுங்கள், திரும்பிப் போகும் நாள்வரை அதை நிறுத்தாதீர்கள். இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் முடியும் தேதியை உங்கள் காலண்டரில் குறித்துவையுங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதியை இப்போது எடுத்துப் பாருங்கள். இன்று இரவு ஊருக்குப் பேசும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்டபின், அந்தப் போனைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.